கையெழுத்துப் போட நிலமில்லாதவர்கள்

உலக சினிமா பார்க்கிற கூட்டம் நம்ம ஊர்களிலும் பெருகிவிட்டது. நல்லதுதான். மாணவர் விடுதி அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றிப் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுக் கண் கலங்குகிறார்கள். கலங்கட்டும். கண்ணீர் மீது எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணீர் யாருக்காக வடிகிறது என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

செக்கோஸ்லோவாக்கியா என்றொரு நாடு இருந்தது. 1993 ஜனவரி 1இல் செக், ஸ்லோவாக் என்று இரண்டாகப் பிரிந்துபோன நாடு. 1948 பிப்ரவரியிலிருந்து 1989 நவம்பர் வரை அங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி. அந்த நாற்பத்தோரு வருஷத்தில் கூட்டுப்பண்ணை பற்றியும் கிராம வாழ்க்கை பற்றியும் எடுக்கப்பட்ட படங்களை இப்போது தூசி தட்டிப் போடுகிறார்கள். படம் முடிந்ததும் சண்டை. ஒரு பக்கம்: "பாத்தீங்களா, கூட்டுப்பண்ணைன்னாலே இதான். நிலத்தப் புடுங்கி மனுசன அழிச்சிட்டானுங்க." இன்னொரு பக்கம்: "இதெல்லாம் பணக்கார விவசாயிகளோட ஒப்பாரி. விருது குடுத்தவன் யாருன்னு பாருங்க தோழர்." இரண்டு பக்கமும் கத்தி ஓய்ந்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

நான் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கேள்வியை வைக்கிறேன். இந்தப் படங்களில் நிலமே இல்லாதவன் எங்கே?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். 1949 பிப்ரவரியில் கூட்டுறவுப் பண்ணைகளுக்கான சட்டம் வந்தது. சேருவது விருப்பம் என்று சட்டம் சொன்னது. நடைமுறை வேறு. சேராத விவசாயிக்குக் கட்டாயக் கொள்முதல் அளவு ஏற்றப்பட்டது. அளக்க முடியாதவன் சிறைக்குப் போனான். பிள்ளைகளுக்கு மேற்படிப்பு மறுக்கப்பட்டது. 'குலாக்' என்று முத்திரை குத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் 1951க்குப் பிறகு சொந்த ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, எங்கோ தூரத்து அரசுப் பண்ணைகளில் கொண்டுபோய்ப் போடப்பட்டன. 1951 ஜூலையில் மொராவியாவின் பாபிட்சே கிராமத்தில் உள்ளூர் ஆட்சிக்குழுவினர் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைச் சாக்காக வைத்து நடந்த வழக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பதினோரு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1953 ஆகஸ்டில் ஜனாதிபதி சாப்போதொட்ஸ்கி, போக விரும்புகிறவர்கள் போகலாம் என்ற தொனியில் பேசியதும் பண்ணைகள் பல கலையத் தொடங்கின. 1955க்குப் பிறகு மறுபடி நெருக்குதல். 1960க்குள் வேலை முடிந்தது.

இது அடக்குமுறை. அடக்குமுறையை அடக்குமுறை என்று சொல்ல நமக்கு எந்தக் கட்சியின் அனுமதியும் வேண்டாம். போலீஸ் வேன் சேரிக்குள் வரும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் நாம். நடுராத்திரியில் ஒரு குடும்பத்தை லாரியில் ஏற்றுவதை எந்தத் தத்துவம் கொண்டும் நியாயப்படுத்த முடியாது. இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. என் வழக்கு இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

1950களின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் 'கோழியும் கோயில் ஊழியரும்' என்று ஒரு நகைச்சுவைப் படம். ஒல்த்ரிஹ் லிப்ஸ்கியும் யான் ஸ்த்ரெய்ச்செக்கும் இயக்கியது. போருக்கு முன் நாட்டையே சிரிக்க வைத்த விளாஸ்தா புரியான், போருக்குப் பின் நடிக்கத் தடைசெய்யப்பட்டுக் கிடந்தவர், இந்தப் படத்தில்தான் திரைக்குத் திரும்பினார். மொராவிய கிராமம், பூப்போட்ட பாவாடைகள், பாட்டு. பணக்கார விவசாயி சூழ்ச்சிக்காரன், ஊர் மூடநம்பிக்கையில் கிடக்கிறது, கூட்டுப்பண்ணை பகுத்தறிவோடு வருகிறது, கடைசியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இதே அச்சில் வார்த்த படங்கள் அந்தக் காலத்தில் இன்னும் பல உண்டு. இவற்றில் ஏழை உண்டு. ஆனால் அவன் எப்படி இருக்கிறான்? கட்சிக்காரர் வந்து விளக்குகிற வரை ஒன்றும் தெரியாதவனாக இருக்கிறான். விளக்கியதும் தலையாட்டுகிறான். அவனுக்கென்று ஒரு கோபம் கிடையாது, ஒரு ஞாபகம் கிடையாது, பண்ணைக்காரன் வீட்டுப் பின்கட்டில் சாப்பிட்ட சோற்றின் கசப்பு கிடையாது. சுவரொட்டியில் நிற்பவன் மாதிரி நிற்கிறான். நம்மூர் முற்போக்குக் கதைகளில் சேரிக்காரன் எப்படி நிற்கிறானோ, அப்படி.

இந்த வகைப் படங்களை இன்று யாரும் மதிப்பதில்லை. சரிதான். ஆனால் அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு எதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று பாருங்கள்.

வோய்த்யெஹ் யாஸ்னியின் 'எல்லா நல்ல ஊர்க்காரர்களும்'. 1968இல் எடுத்தது. 1969 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது. ஆகஸ்ட் 1968இல் சோவியத் டாங்குகள் நாட்டுக்குள் வந்த பிறகு இந்தப் படம் முடக்கப்பட்டது. யாஸ்னி 1970இல் நாட்டைவிட்டே போனார். கதை 1945 மே மாதம் தொடங்குகிறது. போர் முடிந்த சந்தோஷத்தில் ஒரு மொராவிய கிராமத்து நண்பர்கள் கூட்டம். பாட்டு, குடி, வசந்தம். பிறகு 1948. பிறகு கூட்டுப்பண்ணை. நண்பர்கள் பிரிகிறார்கள். கோயிலில் ஆர்கன் வாசிக்கிற ஒச்செனாஷ் கட்சி பக்கம் போகிறார், ஒரு கட்டத்தில் ஊரைவிட்டே போகிறார். தபால்காரர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஃப்ரான்டிஷெக் என்ற விவசாயி மட்டும் கையெழுத்துப் போட மறுக்கிறார். அவர் மறுப்பதைப் பார்த்து ஊரும் மறுக்கிறது. அவரைச் சிறையில் போடுகிறார்கள். உடம்பு கெட்டுத் திரும்புகிறார்.

நானும் கவிதை எழுதுகிறவன். அழகு எனக்கும் பிடிக்கும். யாரோஸ்லாவ் குச்சேராவின் கேமரா அந்த நிலத்தைப் பருவம் பருவமாக எடுத்திருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். பனி, உழவு, பழத்தோட்டம், மங்கின சூரியன். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு உறுத்தல். இந்த நிலம் யார் கண்ணுக்கு இப்படித் தெரியும்? காலையில் எழுந்து தன் வாசலில் நின்று தன் வயலைப் பார்க்கிறவனுக்குத் தெரியும். குனிந்து களை பறிக்கிறவளுக்கு நிலம் ஒரு முழம் அகலத்தில்தான் தெரியும். அவளுக்குத் தொடுவானம் கிடையாது. முதுகுவலிதான் உண்டு. கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது என்பதிலேயே யாருடைய கிராமம் என்பது முடிவாகிவிடுகிறது.

இந்தக் கிராமத்தில் ஏழை இல்லையா? இருக்கிறான். யோர்ஷ்கா என்று பெயர். விளாதிமீர் மென்ஷிக் என்ற பெரிய நடிகர் செய்திருக்கிறார். யோர்ஷ்கா யார்? ஊர்த் திருடன். அவனைப் பார்த்து ஊரும் சிரிக்கிறது, படம் பார்க்கிறவர்களும் சிரிக்கிறார்கள். மனசில் ஈரம் இருக்கிற சிரிப்புதான். இருந்தாலும் சிரிப்புதான். நிலம் உள்ளவனுக்கு மௌனமும் கம்பீரமும். நிலம் இல்லாதவனுக்குத் திருட்டும் கோமாளித்தனமும். யாஸ்னி வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அதுதான் விஷயமே. வேண்டுமென்று செய்யாமலே இது வந்துவிடுகிறது. ஊர்ப் பொதுப்புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

யாஸ்னிக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். அவர் படத்தில் ஸாஷினெக் என்று ஒருவன். போர்க்காலத்தில் தன் யூத மனைவியை விவாகரத்து செய்தவன். அவள் முகாமில் செத்துப்போனாள். அந்தக் குற்றம் அவனைத் தின்றுகொண்டே இருக்கிறது. 'நல்ல ஊர்க்காரர்கள்' என்ற தலைப்பின் மேலேயே யாஸ்னி இங்கே ஒரு கீறல் போடுகிறார். அதற்காக அவரை வணங்கலாம். ஆனால் அவரே 1999இல் அந்த ஊர்க் கதையைத் தொடர்ந்து எடுத்த படத்துக்கு வைத்த பெயர், 'இழந்த சொர்க்கத்தின் மீள்வரவு' என்று தமிழில் வரும். சொர்க்கமாம். யாருக்கு?

அடுத்தது கரெல் காஹின்யாவின் 'மணமகளின் இரவு', 1967. யான் ப்ரொஹாஸ்காவின் திரைக்கதை. மடத்தை மூடிவிட்டதால் ஒரு கன்னியாஸ்திரீ தன் ஊருக்குத் திரும்புகிறாள். பண்ணை வீட்டு மகள். அப்பா, கூட்டுப்பண்ணைக்கு மாட்டைக் கொடுக்க மனசில்லாமல் அவற்றைக் கொன்று தானும் செத்துப்போனவர். ஊர்க் கட்சிக்காரன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம், நடுவில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை. கறுப்பு வெள்ளையில் கத்தி மாதிரி ஒரு படம். இரண்டு பக்கத்து வெறியையும் காட்டுகிறது. ஆனால் சண்டை யாருக்குள்? பண்ணைக்கும் கட்சிக்கும். அந்த மாடுகளை அத்தனை வருஷமும் மேய்த்தவன், தண்ணி காட்டினவன், சாணி அள்ளினவள், செத்த மாடுகளைப் பார்த்து என்ன நினைத்தார்கள்? அந்த இரண்டு பேருக்கும் ஒரு தனிப் படமே எடுக்கலாம். யாரும் எடுக்கவில்லை.

ஸ்தெனெக் சிரோவியின் 'இறுதிச் சடங்கு', 1969. ஏவா கந்தூர்கோவாவின் கதை. 1989இல் ஆட்சி விழுகிற வரை பூட்டி வைக்கப்பட்டிருந்த படம். ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஒரு விவசாயி செத்துப்போகிறார். சொந்த ஊர் மண்ணில்தான் புதைப்பேன் என்று மனைவி பிணத்தோடு வருகிறாள். முடியாது என்கிறது ஊர் நிர்வாகம். அவள் விடவில்லை. சவ ஊர்வலம் ஒரு மௌனப் போராட்டமாகிறது.

இந்தப் படத்தைப் பார்க்கும்போது என் பக்கத்தில் இருந்த ஒரு மாணவர் மெல்லச் சொன்னார்: "அண்ணே, இது நம்ம கதைண்ணே." ஆமாம் தம்பி, பிணத்துக்குப் பாதை இல்லை என்பது நம்ம கதைதான். ஊர்த்தெரு வழியாக எடுத்துப் போகக்கூடாது என்று வரப்பில் வழுக்கி விழுந்து பாடை தூக்கியவர்கள் நாம்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விவசாயிக்கு அந்த மண்ணில் புதைபடுகிற உரிமை முன்பு இருந்தது. ஒரு ஆட்சி வந்து பறித்தது. பறித்ததை அந்த அம்மா திரும்பக் கேட்கிறாள். நம் பிணங்களுக்குப் பாதை எந்த ஆட்சியிலும் இருந்ததில்லை. அது இழப்பின் துக்கம். நம்முடையது எப்போதும் கிடைக்காததன் கோபம். இரண்டையும் ஒன்றாக்கி அழுதுவிட்டு வந்தால், நம் கோபத்தை அடுத்தவர் துக்கத்துக்கு அடகு வைத்துவிட்டு வருகிறோம் என்று அர்த்தம்.

இப்போது என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. பயிர்க்கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வரும். சிட்டா, அடங்கல், பட்டா நகல், கையெழுத்து. பட்டா இல்லாதவர் விண்ணப்பமே போட முடியாது. அதனால் அவருக்குக் கடன் மறுக்கப்பட்டது என்றுகூட எந்தப் பேரேட்டிலும் பதிவாகாது. மறுக்கப்படுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. கையெழுத்து என்பது உடைமையின் இன்னொரு பெயர் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மேசைதான். படத்தில் ஃப்ரான்டிஷெக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிமிர்ந்து நிற்கும்போது எல்லோரும் சிலிர்க்கிறார்கள். அந்த மறுப்பு வீரம்தான். ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லி யாருமே கேட்காத ஆட்கள் அந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களுக்கு மறுக்கிற வீரத்துக்கும் வாய்ப்பில்லை.

அவர்கள் யார்? பண்ணைகளில் தங்கி வேலை பார்த்த ஆண், பெண் பண்ணையாட்கள். அப்புறம் ரோமா மக்கள். 'ஜிப்சி' என்று உலகம் இழிவாகச் சொல்கிறதே, அவர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் என்று அவர்கள் மொழியே சாட்சி சொல்கிறது. ஊருக்கு வெளியே குடியிருப்பு, தொட்டால் தீட்டு மாதிரி ஒரு விலக்கம், பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

யாஸ்னியின் படம் 1945 மே மாதம் பாட்டோடு தொடங்குகிறது அல்லவா? அந்தப் பாட்டில் சேர்ந்து பாட செக் நாட்டு ரோமாக்கள் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள்? நாஜிகள் அவர்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டார்கள். போஹீமியாவின் லெட்டி முகாமில் 1942, 43இல் சுமார் 1,300 ரோமாக்கள் அடைக்கப்பட்டார்கள். 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். காவலுக்கு நின்றது செக் போலீஸ். 1970களில் அந்த முகாம் இருந்த இடத்தில் சோஷலிச அரசு என்ன கட்டியது தெரியுமா? பன்றிப் பண்ணை. செத்தவர்கள் மேல் பன்றி வளர்த்தார்கள். 1989இல் ஆட்சி மாறியது. பன்றிகள் மாறவில்லை. ஜனநாயகம் வந்து கால் நூற்றாண்டுக்கும் அதிகமாக அங்கே பன்றிகள் இருந்தன. ரோமாக்கள் போராடிப் போராடி, பிறகுதான் அரசு அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கி இடித்தது. நினைவிடம் திறந்தது 2024இல். பழைய ஆட்சியா, புது ஆட்சியா என்று சண்டை போடுகிறவர்களே, இந்தப் பன்றிப் பண்ணை எந்த ஆட்சியின் கணக்கில் வரும்?

1945 ஜூனில் ஜெர்மானியர்களின் விவசாய நிலத்தைப் பறிமுதல் செய்து பங்கிட ஜனாதிபதி ஆணை வந்தது. பங்கு யாருக்கு? ஸ்லாவ் இனத்தவருக்கு என்று ஆணையிலேயே எழுதப்பட்டிருந்தது. கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, கூட்டுப்பண்ணைக்கு முன்பே, நிலம் பிறப்பைப் பார்த்துத்தான் பங்கிடப்பட்டது. அந்த எல்லைப் பகுதிகளுக்கு ஸ்லோவாக்கியாவிலிருந்து ரோமாக்களும் வந்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் கூலிகளாக. 1950களில் யிரி வைஸ் 'என் நண்பன் ஃபாபியான்' என்று ஒரு படம் எடுத்தார். ஒரு ரோமா, ஒஸ்த்ரவா எஃகு ஆலைக்கு வந்து 'திருந்துகிற' கதை. நல்ல எண்ணத்தோடு எடுத்ததுதான். ஆனால் ரோமாவுக்குப் படம் காட்டுகிற வழி ஆலை. நிலம் அல்ல.

பிறகு 1958இல் 74ஆம் எண் சட்டம். நாடோடி வாழ்க்கைக்குத் தடை. வண்டிச் சக்கரங்களைக் கழற்றினார்கள். குதிரைகளைப் பறித்தார்கள். விவசாயியின் குதிரை கூட்டுப்பண்ணைக்குப் போனதற்குக் கண்ணீர் சிந்துகிற நாம், இந்தக் குதிரைகளைக் கேள்விப்பட்டதாவது உண்டா? 1965இல் ரோமா குடியிருப்புகளைக் கலைத்து நாடு முழுக்கச் சிதறடிக்கும் அரசுத் திட்டம். 1970களிலிருந்து ரோமாப் பெண்களுக்குப் பணத்தாசை காட்டியும் மிரட்டியும் கருத்தடை அறுவை. இதை 1978இல் சார்ட்டர் 77 அமைப்பினர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். செக் நாட்டில் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 2021இல். ஆளுக்கு மூன்று லட்சம் கொருனா.

இதற்கெல்லாம் கட்சி சொன்ன தத்துவம் என்ன? ரோமாக்கள் ஒரு தேசிய இனம் அல்ல, பின்தங்கிய ஒரு சமூகக் கூட்டம். உற்பத்தி முறை மாறினால் பிரச்சினை தானாகத் தீரும். இதை எங்கோ கேட்ட மாதிரி இல்லை? யாஸ்னி படம் எடுத்த அதே 1968, டிசம்பர் 25இல், கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூலி என்று மட்டும் எழுதி, எரிந்தவர்கள் எல்லோரும் ஒரே சேரியைச் சேர்ந்தவர்கள் ஏன் என்ற கேள்வியை அடிக்குறிப்பில் தள்ளிய தோழர்கள் நமக்கும் உண்டு. பிராகாவிலும் தஞ்சையிலும் வர்க்கம் என்ற சொல் ஒரே மாதிரியாகத்தான் நம்மை மூடியது.

அந்தக் காலத்துப் படங்களில் ஒன்றே ஒன்று இந்த வேலியைத் தாண்டுகிறது. துஷான் ஹனாக்கின் 'ரோஜாக் கனவுகள்', 1976. ஸ்லோவாக் படம். கிராமத்துத் தபால்காரப் பையன் யாகுபுக்கும் ரோமாப் பெண் யோலான்காவுக்கும் காதல். ஊரும் விடவில்லை, குடியிருப்பும் விடவில்லை. இருவரும் ஓடுகிறார்கள். வாழ முடியவில்லை. பிரிகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் கேமரா முதல்முறையாக ஊரின் எல்லையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நிற்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது கூட்டுப்பண்ணை இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. ஊர் இருக்கிறது, குடியிருப்பு இருக்கிறது, நடுவில் வெட்டவெளி இருக்கிறது. உற்பத்தி முறை மாறி இருபது வருஷம் ஆகியும் அந்த வெட்டவெளி அப்படியே. இந்தப் படத்தை நம் திரையிடல்களில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தேடிப்பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மாறாக எல்லோரும் போடுவது யிரி மென்ஸெலின் 'என் அருமைச் சின்னக் கிராமம்', 1985. ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். கூட்டுப்பண்ணையில் லாரி ஓட்டும் பாவெக், அவருக்கு உதவியாள் ஓட்டிக். ஓட்டிக் வெள்ளந்தி. அவன் வீட்டைத் தட்டிப்பறிக்கப் பிராகாவின் பெரிய மனிதர்கள் பார்க்கிறார்கள். ஊர் அவனைக் காப்பாற்றுகிறது. சிரித்துச் சிரித்துப் பார்த்தேன், மறைக்கவில்லை. இங்கே கூட்டுப்பண்ணை வில்லனும் இல்லை, நாயகனும் இல்லை. காற்று மாதிரி இருக்கிறது. ஊர் ஒரு குடும்பம் என்கிறது படம். 'ஊர்னா ஒரு குடும்பம் மாதிரிப்பா' என்று நம்மிடம் யார் யார், எப்போது சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வழக்குப் போடாதே, சமாதானமாகப் போ என்று சொல்ல வரும்போதுதான் சொல்வார்கள்.

சரி, கடைசியில் கணக்கு எப்படி முடிந்தது? செக்கோஸ்லோவாக்கியாவில் கூட்டுப்பண்ணை நிலம் காகிதத்தில் கடைசிவரை பழைய உடைமையாளர் பெயரிலேயே இருந்தது. பயன்பாடு மட்டும்தான் பண்ணைக்கு. 1991இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்தது. 1992இல் 42ஆம் எண் சட்டம், பண்ணைகளின் சொத்தைப் பங்கு பிரிக்க. திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் மிஞ்சியதைப் பிரித்த விகிதம் இது: கொண்டுவந்த நிலத்துக்கு 50 சதவீதம். கொண்டுவந்த மற்ற சொத்துக்கு 30 சதவீதம். உழைத்த வருஷங்களுக்கு 20 சதவீதம்.

ஐம்பது, முப்பது, இருபது. வங்கிக்காரன் என்பதால் எண்கள் எனக்குக் கொஞ்சம் பேசும். தாத்தா நிலம் கொடுத்திருந்தால், பண்ணையில் ஒருநாளும் கால் வைக்காத பேரனுக்கும் பங்கு உண்டு. முப்பது வருஷம் மாட்டுத் தொழுவத்தில் நின்றவளுக்கு அந்த இருபதில் ஒரு துணுக்கு. ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியே போனவர்களும் அவர்கள்தான். ரோமாத் தொழிலாளிகள் அதற்கும் முதலில். நாற்பது வருஷ சோஷலிசத்துக்குப் பிறகும் உழைப்பின் விலை ஐந்தில் ஒன்று. இதைப் பற்றி யார் படம் எடுத்து எந்த விழாவில் விருது வாங்கினார்கள்?

இங்கேதான் நமக்கு அம்பேத்கர் வேண்டும். கிராமத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியவர்களுக்கு 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் கொடுத்த அடி எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1947இல், 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அவர் கேட்டது என்ன? கூட்டுப்பண்ணை. பிராகாவில் சட்டம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே கேட்டார். விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு உடைமையாளருக்குக் கடன்பத்திரமாக ஈடு கொடுக்க வேண்டும். சாதி, மத வேறுபாடு பார்க்காமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். நிலப்பிரபு, குத்தகைக்காரன், நிலமற்ற கூலி என்ற மூன்று பேருமே இல்லாமல் போகும்படி விட வேண்டும். உழவு மாடு, கருவி, விதை, உரம், தண்ணீர் எல்லாம் அரசு தர வேண்டும். நிலத்தைத் துண்டு சேர்ப்பதும் குத்தகைச் சட்டமும் ஆறு கோடித் தீண்டப்படாத மக்களுக்கு ஒரு பயனும் தராது, ஏனென்றால் அவர்கள் வெறும் கூலிகள் என்று காரணமும் சொன்னார். எல்லாவற்றையும் சர்வாதிகாரத்தால் அல்ல, அரசியல் சட்டத்தால், நாடாளுமன்ற ஜனநாயகத்துக்குள் செய்ய வேண்டும் என்றார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராகாவின் பண்ணை, நிலம் உள்ளவனிடமிருந்து தொடங்கியது, அவனை மிரட்டிக் கையெழுத்து வாங்கியது, ஈடு கொடுக்கவில்லை, உடைமையைக் காகிதத்தில் அவனிடமே விட்டுவைத்தது, பிறப்பின் கோடுகளைத் தொடவில்லை. அம்பேத்கரின் பண்ணை நிலமில்லாதவனிடமிருந்து தொடங்குகிறது. அவனுக்காகத்தான் பண்ணையே. சாதி பாராமல் என்பது அதில் அலங்காரச் சொல் கிடையாது, அஸ்திவாரம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஒன்றின் தோல்வியை மற்றதன் தலையில் கட்ட முடியாது.

ஆனால் கட்டுகிறார்கள். என் கவலை அதுதான். இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நம்ம பிள்ளைகள், "கூட்டா நிலம் வைக்கிறதெல்லாம் வேலைக்காகாதுண்ணே" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்தவன் சொர்க்கம் பறிபோன கதையைக் கேட்டு, நம் கோரிக்கையை நாமே கைவிடுகிற கூத்து இது. நிலம் கேட்காத தலித் அரசியல் சான்றிதழ் அரசியலாகச் சுருங்கிவிடும். இடதுசாரித் தோழர்களுக்கும் ஒன்று: அந்த விவசாயிகளின் கண்ணீரை ஒப்பாரி என்று தள்ளாதீர்கள். உங்கள் கட்சிகள் நிலத்தைக் கூட்டாக்கிய விதம்தான் கூட்டு என்ற சொல்லையே நாறடித்தது. அந்த நாற்றத்தை இன்று சுமப்பது நிலம் கேட்கிற நாங்கள்.

படங்களைப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. யாஸ்னியைப் போடுங்கள். சிரோவியைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் மறுநாள் அதே திரையில் ஹனாக்கைப் போடுங்கள். லெட்டியின் பன்றிப் பண்ணையைப் பற்றிப் பேசுங்கள். ஐம்பது, முப்பது, இருபது என்று கரும்பலகையில் எழுதிவையுங்கள். 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் விவசாயம் பற்றி வரும் பகுதி சில பக்கங்கள்தான். நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, படம் தொடங்குவதற்கு முன் உரக்கப் படியுங்கள். பிறகு விளக்கை அணையுங்கள். ஃப்ரான்டிஷெக் கையெழுத்துப் போட மறுக்கும் இடம் வரும்போது, அந்தக் காகிதத்தில் யார் பெயருக்கு இடமே இல்லை என்று யாராவது ஒருத்தர் எழுந்து கேளுங்கள்.